இந்தப் படத்தைப் பகிராதீர்கள்

மூசாவுக்குப் புரியாத சின்ன விஷயம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் மிஸ்ரியா ஏன் சாலையை இரண்டு முறை கடக்கிறாள்?

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையின் வலது ஓரத்தில் அவருடைய கடை. குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு, லுங்கி, நைட்டி, சோப்பு, எண்ணெய் விற்கிறார். மினிபஸ் நிற்பதும் அதே வலது ஓரத்தில்தான், கொஞ்சம் தள்ளி. இறங்கி நேரே நடந்தால் கடை வந்துவிடும். மிஸ்ரியாவோ இறங்கியதும் எதிர்ப்பக்கம் போவாள். அங்கே குழாய் பதிக்கத் தோண்டிய மண் சாரலில் குழைந்து சேறாகக் கிடக்கும். அதில் செருப்பு புதையப் புதைய நடந்து, கடைக்கு நேர் எதிரே வந்ததும் மறுபடி சாலையைக் கடந்து வருவாள்.

மூசா காரணம் தேடினார். வழியில் நாய் கிடையாது. வம்பு பண்ணும் பையன்கள் கிடையாது. பஸ் நிற்கும் இடத்துக்கும் கடைக்கும் இடையில் இருந்தவை பழக்கடைகள் மட்டும்தான். சீசன் முழுக்க அங்கே “மங்குஸ்தான், மங்குஸ்தான்” என்று கூவிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிள்ளை பழத்துக்கா பயப்படும்?

“ஏட்டி, நல்ல ரோடு இருக்கும்போது ஏன் சேத்துல மிதிச்சிட்டு வாற?”

“சும்மாதான் வாப்பா.”

சில நாள் கழித்து அவள் வேறொன்று சொன்னாள். “வாப்பா, நான் இனிமே ஸ்கூலுக்குப் போவல. டிசி வாங்கித் தந்துருங்க. கடையில ஒக்காந்துக்கிடுதேன்.”

படிப்பது பத்தாம் வகுப்பு. அறிவியலில் வகுப்பிலேயே முதல். கடையில் உட்காருகிற பிள்ளை இல்லை அவள்.

விடை மூசாவின் போனிலேயே வந்தது. அந்தச் சாலை வியாபாரிகள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். ஒருவர், “அருவியில தண்ணி கூடிட்டு, குளிக்க விடல” என்று போட்டார். அதற்குப் பதிலாக இன்னொருவர் ஒரு ஸ்டிக்கர் போட்டார். ஊதா நிற உருண்டைக்குள் ஒரு பெண். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு வாயைப் பிளந்திருக்கிறாள். கீழே ‘இன்னும் பசிக்குது!’ என்று எழுத்து. தண்ணீர் கூடியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்டிக்கர் போடுகிறவர்கள் சம்பந்தம் பார்ப்பதில்லை. ஆனால் அந்த வாயை மூசாவுக்கு, அது பல் முளைக்காமல் இருந்த நாளிலிருந்து தெரியும்.

படத்தின் வரலாறு இது. பள்ளி ஆண்டு விழாவில் ‘நம்ம ஊர்ப் பழங்கள்’ என்று ஓர் அணிவகுப்பு. மிஸ்ரியா மங்குஸ்தான். உடையை அவளே செய்தாள். கடையில் விற்காமல் போன குடைகளின் கம்பிகளை வளைத்து உருண்டையாகக் கட்டி, மேலே ஊதா சாட்டின் துணி போர்த்தி, தலைக்குப் பச்சை இதழ்கள் வைத்தாள். உள்ளே இரண்டு கயிறுகள். ஒன்றை இழுத்தால் பழம் இரண்டாகப் பிளந்து வெள்ளைச் சுளை தெரியும். மற்றதை இழுத்தால் மூடிக்கொள்ளும். மேடைக்குப் போகும் பக்கக் கதவையும் முன்கூட்டியே அளந்துவிட்டாள். அது இரட்டைக் கதவு. அளந்த அன்று இரண்டு கதவும் திறந்திருந்தன. விழா அன்று ஒன்றைத்தான் திறந்திருந்தார்கள். மங்குஸ்தான் நடுவில் சிக்கியது. “இன்னொரு கதவத் தொறங்க!” என்று அவள் கத்தியபோது அவள் வகுப்பு ஜோஷ்வா படம் எடுத்தான்.

படத்தைச் சுற்றிலும் வெட்டி, எழுத்தை ஒட்டி, ஸ்டிக்கர் ஆக்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதும். அப்புறம் நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. ஸ்டிக்கர் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி ஓரிடத்தில் இருப்பதில்லை. யாருக்குப் போகிறதோ அவர் போனில் ஒரு பிரதி இறங்கும். அவர் அதைச் சேமித்துக்கொண்டால் பிறகு முதலில் அனுப்பியவன் மனம் திருந்தி அழித்தாலும் பிரதிகள் இருக்கும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் போட்டோவை அனுப்பக் கொஞ்சம் யோசிக்கிறவர்கூட ஸ்டிக்கரை யோசிக்காமல் அனுப்புவார். அதற்குள் அது ஒரு மனுஷியின் முகம் இல்லை, சிரிப்புக்கான குறி ஆகிவிடுகிறது. அந்த வியாபாரி மூசாவின் நல்ல நண்பர். மிஸ்ரியாவைத் தூக்கி வைத்துக் கொஞ்சியவர். அவருக்கும் அது அவள் என்று தெரியவில்லை.

வீட்டில் போனைக் காட்டியதும் மிஸ்ரியா உடைந்து போய்ச் சொன்னாள். ஜோஷ்வா வகுப்புக் குழுவில் போட்டான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தினமும் காலையில் அவள் வகுப்பறைக்குள் நுழையும்போது யாராவது “மங்குஸ்தான் வந்துட்டு, டிபன் பாக்ஸ ஒளிச்சு வைங்கலே” என்பான். மற்ற எல்லோரும் சும்மா இருந்தார்கள். ஜெனி என்ற ஒருத்தி மட்டும் குழுவில், “இது நல்லால்ல, நிறுத்துங்க” என்று எழுதினாள். அவளுக்கும் அதே ஸ்டிக்கரைப் பதிலாகப் போட்டார்கள்.

மிஸ்ரியாவின் தாய் ஹைருன் பீவி முந்தானையை இழுத்துச் செருகினாள். “நான் இப்பமே அந்த ஜோஷ்வா வீட்டுக்குப் போயி அவன் அம்மாட்ட பேசுதேன்.”

“பொறு ஹைருனு. முறைப்படி போவோம்” என்றார் மூசா. “இதுக்குன்னு ஸ்கூல்ல ஒரு ஏற்பாடு இருக்கும்லா?”

இருந்தது. அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

தலைமையாசிரியர் எபனேசர் மூசாவை உட்காரவைத்து, படத்தைப் பார்த்து, வருத்தப்பட்டார். பிறகு நடவடிக்கை எடுத்தார். பள்ளியின் இணையப் பாதுகாப்பு விதிப்படி முதல் நடவடிக்கை, பாதிக்கப்பட்ட மாணவியின் கைபேசியைப் பெற்று உறையிலிட்டு அரக்கு வைப்பது.

“படம் அனுப்புனது அந்தப் பையன் சார். அவன் போன வாங்கலையா?” என்றார் மூசா.

“அவன் போன்ல இருந்து வெளியதான் போகுது பாய். உள்ள வாறது உங்க பொண்ணு போனுக்கு. வாறத நிறுத்துனாதான பாதுகாப்பு?”

மூசாவுக்கு இதில் எங்கேயோ இடித்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

அரக்கு வைத்தபோது போனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது பீரோவுக்குள் இரண்டு நாள் அதிர்ந்துகொண்டே இருந்தது. அலுவலக அமைதி கெடுகிறது என்று மிஸ்ரியாவுக்கு எச்சரிக்கை வந்தது. அந்த அதிர்வுகளில் பாதிக்கு மேல் ஜெனி அனுப்பியவை. அது அப்போது யாருக்கும் தெரியாது.

இரண்டாவது நடவடிக்கை, உறுதிமொழி. திங்கட்கிழமை காலை இறைவணக்கத்தில் எபனேசர் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கை நீட்டித் திரும்பச் சொன்னார்கள்.

“பத்தாம் வகுப்பு பி பிரிவு மாணவி மிஸ்ரியாவை...”

“மிஸ்ரியாவை...”

“மங்குஸ்தான் என்று...”

“மங்குஸ்தான் என்று!”

“அழைக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.”

இந்த முறையில் ஒரு சின்னப் பக்கவிளைவு உண்டு. அதுவரை அந்தப் பெயர் ஒரு வகுப்புக்குத்தான் தெரியும். அன்று மதியத்துக்குள் யூகேஜி பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. அவர்கள் உறுதிமொழியை நல்ல ராகத்தில் பாடினார்கள்.

“பள்ளி அளவில் எங்களால் முடிந்ததைச் செய்துவிட்டோம்” என்றார் எபனேசர். “இனி மையம்தான்.”

மையம் என்பது தென்காசியில் தனியார் பள்ளிகள் சில கூடி அமைத்தது. முழுப்பெயர், வளரிளம் பருவத்தினர் இணைய நல்வாழ்வு ஒருங்கிணைப்பு மையம். ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் அலுவலர் சந்தனமாரி. உள்ளறையில் இயக்குநர் நமசிவாயம். இயக்குநர் எவ்வளவு சின்ன அறையிலும் எழுந்து நின்றுதான் பேசுவார்.

“படம் பரவியிருக்குன்னு உறுதி பண்ணணும் பாய்” என்றாள் சந்தனமாரி. “பரவலன்னா நாங்க எடுத்துக்கிட முடியாது.”

“பரவியிருக்கும்மா. ஊரு பூரா வச்சிருக்கான்.”

“நீங்க சொன்னா ஆகாது. பொதுமக்கள் சொல்லணும்.”

மையம் பொதுமக்களைக் கேட்டது. எல்லாப் பெற்றோர் குழுக்களுக்கும், பழைய மாணவர் குழுக்களுக்கும், ஆலங்குளம் முதல் புளியறை வரை மையத்துக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் ஒரு செய்தி போனது. ‘கீழ்க்கண்ட படம் தங்களுக்கு வந்துள்ளதா? ஆம் அல்லது இல்லை எனப் பதிலளிக்கவும்.’ கீழே படம்.

இந்தக் கேள்வியின் அமைப்பு அருமையானது. இதற்கு யாராலும் ‘இல்லை’ என்று உண்மையாகப் பதில் சொல்ல முடியாது. கேள்வியைப் படிக்கும்போதே படம் வந்துவிடுகிறது. எனவே பதில் எழுதிய ஒவ்வொருவரும் ‘ஆம்’ என்று எழுதினார்கள். சிலர், கேள்வி எல்லோருக்கும் போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணத்தில் மேலும் பல குழுக்களுக்கு அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் சவூதியின் தம்மாமிலிருந்து ஹைருன் பீவியின் தம்பி ஆசிப் கூப்பிட்டான்.

“மச்சான், நம்ம மிஸ்ரி படம் எனக்கும் வந்துச்சு. எங்க ரூம்ல இருக்க ஆளுங்களுக்கும் வந்துச்சு. எல்லாரும் ‘ஆம்’னு போட்டுட்டோம். போதுமா, இன்னும் யாரையாவது போடச் சொல்லணுமா?”

மூசா போனை வைத்துவிட்டு அறையை எட்டிப் பார்த்தார். மிஸ்ரியா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். போனை வாங்கி வைத்த நாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

மறுநாள் இயக்குநர் அவரைக் கைகூப்பி வரவேற்றார். முகத்தில் பெருமிதம்.

“நூறு சதவீதம் பாய்! இதுவரை எந்த ஆய்விலும் நமக்கு நூறு சதவீதம் வந்ததில்லை. உங்கள் மகள் இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய பாதிப்பு.”

“அதக் கொறைக்கணும் சார். கூட்டுறதுக்கு வரல நான்.”

“குறைக்கத்தான் போகிறோம். பெரிதாக இல்லாத ஒன்றை எப்படிக் குறைப்பது?” இயக்குநர் எழுந்து நின்றார். “ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு குழந்தையின் துயரத்தை நாங்கள் துயரமாகப் பார்ப்பதில்லை, தரவாகப் பார்க்கிறோம். துயரத்துக்குக் கண்ணீர் வரும். தரவுக்குத்தான் நிதி வரும். நிதி வந்தால் மையம் வளரும். மையம் வளர்ந்தால் இன்னும் பல பாதிப்புகளை நாம் கண்டடையலாம்.”

“எம் பொண்ணு?”

“அவள்தான் தொடக்கம்.”

அடுத்தது விழிப்புணர்வு. நம் பக்கம் காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை எதுவும் ஃப்ளெக்ஸ் வைக்காமல் நடந்ததாகக் கணக்கில் வராது. விழிப்புணர்வு மட்டும் எப்படி வரும்? ஒரே வாரத்தில் தென்காசி பஸ் நிலையத்தில் ஒன்று, மேலகரத்தில் ஒன்று, புளியறை சோதனைச் சாவடி அருகே ஒன்று என்று வைத்தார்கள். ஐந்தருவிச் சாலை முனையில் வைத்ததுதான் எல்லாவற்றிலும் உயரம். மேலே சிவப்பு எழுத்தில், ‘இந்தப் படத்தைப் பகிராதீர்கள்!’. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் மங்குஸ்தான். நான்கு மூலைகளிலும் வட்டத்துக்குள் சிரித்தபடி மைய நிர்வாகிகள்.

குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது மையத்துக்குத் தெரியும். எனவே கண்களின் மேல் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. பட்டைக்குக் கீழே வாய் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், ‘பெயர் மறைக்கப்பட்டுள்ளது. ஐந்தருவி ரோடு துண்டுக்கடை மூசா அவர்களின் மகள்.’

சுற்றுலா வந்தவர்கள் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள். புளியறையில் நின்ற லாரிக்காரர்கள், இந்தப் பழம் கிலோ என்ன விலை என்று பக்கத்து ஓட்டலில் கேட்டார்கள்.

ஐந்தருவி முனையில் ஃப்ளெக்ஸைக் கட்டியபோதே ஹைருன் பீவி அங்கே ஜோஷ்வாவைப் பார்த்தாள். சட்டையில் ஒரு வில்லை குத்தியிருந்தான். ‘மாணவர் இணையத் தூதர்.’

“ஏலே, நீதானலே இதச் செஞ்சது? உனக்கு யாருலே இதக் குத்திவிட்டா?”

“நமசிவாயம் சார்தான் ஆன்ட்டி. படத்த வெட்டி ஒட்ட தெரிஞ்ச ஆளு வேணும்னாங்க. எனக்குத்தான் தெரியும்னு ஹெச்.எம். சொன்னாரு. இந்த ஃப்ளெக்ஸ் டிசைனு நான்தான்.” அவன் குரல் இறங்கியது. “ஆன்ட்டி, சத்தியமா நான் கிளாஸ் குரூப்புலதான் போட்டேன். இவ்வளவு பெருசா ஆவும்னு தெரியாது. பாக்கவே பயமா இருக்கு.”

“எடுத்தவனுக்கே பயமா இருக்குன்னா உள்ள நிக்கிறவளுக்கு எப்படி இருக்கும்?”

ஹைருன் பீவி அங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எபனேசர் முன்னால் போய் நின்றாள்.

“எம் மக போனத் தாங்க சார்.”

“அது ஆதாரம்மா. மையம் சொல்லாமத் தர முடியாது.”

“ஆதாரம்னு சொன்னா படம்தான? அது ரோட்டுல தொங்குது, போயி அதுக்கு அரக்கு வைங்க. போனு எம் புள்ளையோடது.”

“விதின்னு ஒண்ணு...”

“வாசிங்க. நான் இங்கன ஒக்காந்து கேக்கேன். முடியுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

விதியைத் தேடி எடுத்தார்கள். அதில் போனை எப்போது திருப்பித் தருவது என்று எதுவும் எழுதவில்லை. வாங்குவதைப் பற்றி மட்டும் யோசித்து எழுதப்பட்ட விதி. எபனேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போனைக் கொடுத்தார்.

வீட்டில் மின்னேற்றியதும் போன் விழித்துக்கொண்டது. ஜெனியின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. ‘மிஸ்ரி, நாளைக்கு வருவியா?’ ‘ஏட்டி, நீ இல்லாம நான் யார்கூட சாப்பிட?’ ‘அறிவியல் நோட்டு எழுதி வச்சிருக்கேன்.’ ‘கோவமா? நான் ஒண்ணும் பண்ணலயே.’ கடைசியாக, ‘சரி, நீ பேசாட்டியும் நான் உன் பக்கம்தான்.’

மிஸ்ரியா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அழுதாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, “உம்மா, பசிக்குது” என்றாள். சொன்ன பிறகுதான் ஸ்டிக்கரில் இருந்த வார்த்தை அது என்று நினைவு வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

ஹைருன் பீவி திட்டவில்லை, ‘நீ ஏன் அந்த டிரஸ்ஸப் போட்ட’ என்று கேட்கவில்லை. மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வந்த ஒவ்வொன்றையும் இருவரும் தேதியோடு திரையில் படம் பிடித்து வைத்தார்கள். விடாமல் அனுப்பியவர்களைப் போனில் பிளாக் செய்தார்கள். வாட்ஸப்பிலேயே புகார் செய்யும் இடத்தைத் தேடிப் புகார் செய்தார்கள். மூசா எட்டிப் பார்த்து, “இது இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?” என்றார்.

அந்த நேரம் பார்த்து மையத்திலிருந்து அழைப்பு வந்தது. தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ‘மங்குஸ்தான் நிவாரணத் திட்டம்’ தொடக்க விழா. பாதிக்கப்பட்டவர் அதே உடையில் மேடையேற வேண்டும்.

“அதே கோலத்தில் வந்தால்தான் மக்கள் மனம் உருகும்” என்றார் இயக்குநர் போனில். “குழந்தை ஒன்றும் பேச வேண்டாம். அழுதால் போதும்.”

“அவ வர மாட்டா சார்” என்று மூசா சொல்ல வாயெடுத்தார். மிஸ்ரியா போனை வாங்கினாள்.

“வாரேன் சார். டிரஸ்ஸும் போடுதேன். எனக்கு மைக் மட்டும் வேணும்.”

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடங்களிலிருந்து பெற்றோரையும் பிள்ளைகளையும் பஸ் வைத்து ஏற்றி வந்திருந்தார்கள். இயக்குநர் பேசினார்.

“சிலர் கேட்கிறார்கள், இந்த மையம் வருவதற்கு முன் இந்தக் குழந்தையை எத்தனை பேருக்குத் தெரியும் என்று. நான் பெருமையோடு சொல்கிறேன், ஒரு வகுப்புக்குத்தான் தெரியும்! இன்று? கடல் கடந்து தெரியும். இதைத்தான் விழிப்புணர்வு என்கிறோம். நேற்று ஒரு நிருபர், தவறு செய்தவனைக் கண்டுபிடித்தீர்களா என்றார். நாங்கள் தனி மனிதர்களைத் தேடுவதில்லை. நாங்கள் மேடைகளைத் தேடுகிறோம். இதோ, பாதிப்பு வருகிறது. வரவேற்போம்!”

எல்லோரும் மேடையின் பக்கவாட்டைப் பார்த்தார்கள். அங்கேயும் இரட்டைக் கதவு. அங்கேயும் ஒன்றுதான் திறந்திருந்தது. ஊதா உருண்டை வந்து நின்றது. முன்வரிசையில் சிலர் போனை உயர்த்தினார்கள்.

கீழே உட்கார்ந்திருந்த ஜெனி எழுந்தாள். ஓடிப் போய் மேல் தாழ்ப்பாளை இழுத்து இன்னொரு கதவையும் திறந்தாள். மங்குஸ்தான் எங்கேயும் இடிக்காமல் நடந்து மேடைக்கு வந்தது. கயிற்றை இழுத்தது. பழம் இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து பள்ளிச் சீருடையில் மிஸ்ரியா வெளியே வந்து, காலி உடையை ஓரமாக நிறுத்தி, மைக்கைப் பிடித்தாள்.

“இந்தப் படம் போன்ல இருக்கவங்க கையத் தூக்குங்க.”

மண்டபம் முழுக்கக் கைகள்.

“எங்க கிளாஸ் பசங்க மூலமா வந்தவங்க மட்டும் தூக்கியிருங்க. மத்தவங்க எறக்கிருங்க.”

கைகள் சரசரவென்று இறங்கின. பின்னால் ஓரமாகச் சில கைகள் மட்டும் நின்றன.

“இப்ப மையத்துல இருந்து வந்தவங்க தூக்குங்க.”

மண்டபம் முழுக்க மறுபடியும் கைகள். எபனேசர் கையும், சந்தனமாரி கையும், மேடையில் உட்கார்ந்திருந்த நிர்வாகிகள் கையும்கூட.

இத்தனை கைகளைப் பார்த்ததும் இயக்குநர் நமசிவாயம் பழக்கத்தில் எழுந்து கும்பிட்டார். அவர் எழுந்ததைப் பார்த்துத் தொகுப்பாளர் பழக்கத்தில் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடையைப் பார்த்துக் கூட்டம் பழக்கத்தில் கைதட்டியது. யாரும் யாரையும் ஏவவில்லை. அந்த இயந்திரம் அப்படித்தான் ஓடும்.

கைதட்டல் அடங்கும் வரை மிஸ்ரியா காத்திருந்தாள்.

“நான் அன்னைக்கு ‘பசிக்குது’ன்னு கத்தல. ‘இன்னொரு கதவத் தொறங்க’ன்னு கத்துனேன். அன்னைக்கு யாரும் தொறக்கல. இன்னைக்கு ஜெனி தொறந்தா. எனக்கு அவ்வளவுதான் வேணும். இனிமே இந்தப் படத்த யாருக்கும் அனுப்பாதீங்க. ‘அனுப்பாதீங்க’ன்னு சொல்லிக்கூட அனுப்பாதீங்க. நான் நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன்.”

இயக்குநர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு நன்றி சொன்னார். விழா இனிதே முடிந்ததாக மையத்தின் குழுவில் செய்தி போனது. அதோடு படமும் போனது. ஆனால் இம்முறை ஒரு வித்தியாசம். கீழே முதல் ஆளாக ஒரு பெற்றோர் எழுதினார்: ‘படத்தை எடுங்கள்.’ அடுத்தவரும் அதையே எழுதினார். அப்புறம் நிறையப் பேர். சந்தனமாரி யாரையும் கேட்காமல் படத்தை அழித்தாள்.

வகுப்புக் குழுவிலும் இதேதான் நடந்தது. ஒருவன் பழையபடி ஸ்டிக்கர் போட்டான். ஜெனி, ‘நிறுத்து’ என்றாள். உடனே இன்னொருத்தி, ‘ஆமா, நிறுத்துலே.’ பிறகு அதுவரை வாயே திறக்காத பையன் ஒருவன், ‘போர் அடிக்குது, விடுங்கடா.’ கேலியின் எஞ்சின் எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. கேலி செய்கிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். சும்மா இருப்பவர்களின் மௌனத்தைக் கேலி செய்கிறவன் கைதட்டலாக எடுத்துக்கொள்கிறான். அவர்களில் மூன்று நான்கு பேர் வாய் திறந்தால் அவனுக்குக் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாத இடத்தில் கேலி ஓடாது. ஹைருன் பீவி, முதல் நாளே சொன்னபடி, திரையில் எடுத்த படங்களோடு ஜோஷ்வாவின் வீட்டுக்குப் போய் அவன் தாயிடம் பேசினாள். சத்தம் போடாமல் பேசினாள். அவன் ஸ்டிக்கரை அழித்து, வாங்கியவர்களையும் அழிக்கச் சொல்லி எழுதினான். மிஸ்ரியாவிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டான். வில்லையைக் கழற்றி மையத்தில் திருப்பிக் கொடுத்தான்.

ஃப்ளெக்ஸை இறக்க வேண்டும் என்று மூசா கேட்டபோது, வைப்பதற்குத்தான் குழு இருக்கிறது, இறக்குவதற்கு இனிமேல்தான் குழு அமைக்க வேண்டும் என்றது மையம். மூசா ஏணியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தானே இறக்கினார். ஐந்தருவி முனையில் இருந்தது நல்ல கனம். சாரலுக்குத் தாங்கும். கடைக் கூரை மேல் விரித்தார். எழுத்துப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று வைத்தார். நடுவில் இருந்த மகள் படத்தையும் கீழே இருந்த சின்ன எழுத்தையும் மட்டும் வெட்டி எடுத்து எரித்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் தார்ப்பாய் ஒட்டினார். மூலையில் சிரிக்கும் இயக்குநரின் மேல் குற்றாலத்துக் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்க்கின்றன.

விழாவுக்கு மறுநாள் சாயங்காலம் மினிபஸ்ஸிலிருந்து மிஸ்ரியாவும் ஜெனியும் இறங்கினார்கள். மூசா கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கடைக்காரர் கூடையை முன்னால் தள்ளி, “மங்குஸ்தான், மங்குஸ்தான்” என்று கூவினார். மிஸ்ரியாவின் கால் ஒரு நொடி எதிர்ப்பக்கம் திரும்பியது. ஜெனி அவள் கையைப் பிடித்து, “இங்கனயே வாட்டி” என்றாள். இரண்டு பேரும் பழக்கடைகளைத் தாண்டி நேரே நடந்து கடைக்கு வந்தார்கள். செருப்பில் சேறு இல்லை.

இப்போது வேறு வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து மூசாவிடம் கேட்கிறார்கள், என் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது, எங்கே போகலாம் என்று. துண்டை மடித்துக்கொண்டே அவர் சொல்லுவார்:

“புள்ள சொல்லும்போது திட்டாமக் கேளுங்க. போனப் பிடுங்காதீங்க. வந்ததத் திரையில படம் பிடிச்சு வச்சுட்டு, அனுப்புனவன பிளாக் பண்ணிட்டு, புகார் குடுங்க. அந்தப் படத்த நீங்க ஒருத்தருக்கும் அனுப்பாதீங்க. புள்ளகூட நடந்து வர ஒரு சேக்காளி வேணும். குரூப்புல ‘நிறுத்து’ன்னு முதல்ல சொல்ல ஒரு ஆளு வேணும். ரெண்டும் ஒரே ஆளா இருந்தாலும் போதும்.”